வாத்தியார் சொல்லாமல் விட்ட பாடம்

எங்கள் சிலம்ப வாத்தியார் போய் இந்த ஆனியோடு மூன்று வருடம் ஆகிறது. அவர் பெயரில் ஒரு கோப்பை நடத்தலாம், கொட்டகை வாசலில் பெரிய படம் மாட்டலாம் என்று பழைய பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது. நல்ல காரியம், நானும் பணம் போடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று அப்படியே கிடக்கிறது.

வாத்தியாரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலம் அம்மாபேட்டையில் கைத்தறி நெய்தவர். பகலெல்லாம் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குழியிலிருந்து ஏறி, முகம் கழுவிக்கொண்டு நேராகக் களத்துக்கு வந்துவிடுவார். சேர்ந்த மூன்று மாதம் யாருக்கும் கம்பு கிடையாது, வெறும் காலடிதான். மண்ணில் கோலமாவால் கோடு போட்டு, அதன் மேல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, திரும்பி ஒன்று. கால் தப்பினால் திட்ட மாட்டார். குனிந்து கணுக்காலைப் பிடித்து, கட்டைவிரல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பி வைப்பார். "தறி மிதிக்கிற மாதிரி எடு கண்ணு. ஒரு கால் இறங்குனாத்தான் இன்னொரு கால் ஏறணும்" என்பார். அறுந்த இழைகளை முடிந்து முடிந்து காய்த்துப்போன விரல்கள் அவருக்கு. அந்தச் சொரசொரப்பு என் கணுக்காலுக்கு இன்னும் மறக்கவில்லை.

கம்பையும் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். நம் நெற்றி உயரத்துக்கு அளந்து, கணு நெருங்கிய மூங்கிலாகப் பொறுக்கி, நிழலில் காயவைத்து, எண்ணெய் தடவி அனலில் காட்டி, கோணல் எடுத்த பிறகுதான் கைக்கு வரும்.

இவ்வளவு கொடுத்த மனிதர் ஒரு விஷயத்தில் மட்டும் கையை மூடியே வைத்திருந்தார். கடைசிப் பாடத்தை யாருக்கும் முழுசாகச் சொல்லவில்லை. அவருடைய வாத்தியார் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கம் அது. முழுசும் தெரிந்தவன் நாளைக்கு எதிரே வந்து நிற்பான் என்ற பயம் அந்தக் காலத்து ஆசான்களுக்கு இருந்தது. நான் கேட்டபோதெல்லாம், "ஆடி வரட்டும், பார்க்கலாம்" என்றார். ஆடித் திருவிழாவில் சாமி வேஷம் போட்டு அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கைக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்த வருடம், ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் களத்தில் உட்கார்ந்தோம். எனக்கு அந்தப் பாடத்தின் முதல் பாதிக் காலடி தெரியும். தறிப்பட்டறை வைத்திருக்கும் நண்பனுக்குக் கை வீச்சு தெரியும், கால் தெரியாது. கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் தம்பி, வாத்தியார் தனியாக ஆடும்போது வாய்க்குள் சொன்ன கணக்கை மட்டும் கேட்டு வைத்திருந்தான். அவன் கணக்குச் சொல்ல, நான் கால் வைக்க, நண்பன் கம்பை வீச, இருட்டும் வரை ஆடிப் பார்த்தோம். பாதிக்கு மேல் கூடி வந்தது. ஒரு திருப்பத்தில் மட்டும் கால் வலது பக்கம் போகிறது, கம்பு இடது பக்கம் போகிறது. நடுவில் என்னவோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அது எங்கள் மூன்று பேரிடமும் இல்லை.

எங்களுக்கு மூத்த ஒருவரிடம் இருக்கிறது. போய்க் கேட்டோம். "எனக்கு மட்டும் சொன்னதுப்பா. வெளியே விட்டா அவருக்குச் செய்யற துரோகம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாத்தியார் மேல் அவருக்கு இருக்கும் பக்தி எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாத்தியார் பழக்கத்தை மாற்றாத மனிதர் இல்லை. இருபது வருடம் பெண் பிள்ளைகளைச் சேர்க்காமல் இருந்தவர், பேத்தி வந்து நின்றதும் அடுத்த வாரமே களத்தைத் திறந்துவிட்டார். இன்றைக்கு என்னிடம் படிக்கிறவர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். பாடத்தை ஒளித்ததற்கு அன்று காரணம் பகை. இன்று யார் யாரைக் கம்பால் அடிக்கப் போகிறோம்?

இப்போது சிலம்பத்துக்கு நல்ல காலம்தான். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக ஆடினார்கள். அதனால் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், சந்தோஷம். கூடவே, "எத்தனை மாசத்துல சர்டிபிகேட் கிடைக்கும்?" என்ற கேள்வியும் வருகிறது. போட்டிக்குத் தொடுமுறை, தனிக்கம்பு, சுருள்வாள், மான்கொம்பு என்ற பிரிவுகள் போதும். வாத்தியாரின் கடைசிப் பாடத்தை எந்த நடுவரும் கேட்கப்போவதில்லை. கேட்காததை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், அப்புறம் நாங்கள் நாலைந்து பேர் போனதும் அதுவும் போய்விடும். எனக்குப் பயமெல்லாம் அதுதான்.

அதனால் நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த அத்தனையும், அரைகுறையாகத் தெரிந்ததையும் சேர்த்து, காலடி காலடியாக வீடியோ எடுத்து வைக்கிறேன். மூன்று மாதம் காலடி முடித்து, ஒழுங்காகத் தொடர்ந்து வருகிற யாருக்கும் முழுசாகச் சொல்லித்தருவேன். வாத்தியார் இருந்தால் சம்மதித்திருப்பாரா என்று கேட்கிறார்கள். முதலில் முறைத்திருப்பார். அப்புறம் பேத்திக்கு இரங்கியது போல இரங்கியிருப்பார் என்றுதான் நம்புகிறேன்.

அண்ணா, இந்தப் பதிவை நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் களத்தில் இருப்போம். எங்களுக்கு வீச்சு வேண்டாம், கணக்கும் வேண்டாம். அந்தத் திருப்பத்தில் இடது காலை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள். வாத்தியார் உங்களுக்கு அளந்து கொடுத்த கம்பு கொட்டகையில் சாத்தி வைத்த இடத்திலேயே இருக்கிறது. மாதா மாதம் எண்ணெய் தடவிக்கொண்டுதான் இருக்கிறேன்.