மீனாட்சி அம்மையையும் வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள்

காந்தி, மண்டேலா ஆகியோரின் வாழ்க்கை வழியாகப் பிள்ளைகளுக்குச் சமாதானம் கற்பிக்கலாம் என்ற கட்டுரையை ஆசையோடு படித்தேன். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மண்டேலா 27 வருடம் சிறையில் இருந்தார் என்று பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள், அப்புறம் மறந்துவிடுகிறார்கள்.

போன தவணை 1986ஆம் ஆண்டின் பிரார்த்தனைப் போராட்டத்தைச் சொன்னேன். இந்திய வம்சாவளியினரான நம் தோட்டத் தொழிலாளர்கள், 1948இல் அரசு தங்களிடமிருந்து பறித்த பிரஜாவுரிமையைக் கேட்டு, காலையில் கொழுந்து பறிக்கப் போகாமல் கும்பிட்டபடி உட்கார்ந்தார்கள். கல் எடுக்கவில்லை. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் அந்த வருடமே வந்தது. அன்றைக்கு அம்மாவின் மடியில் நானும் இருந்தேன் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. "கோபமே வரலையா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். வந்தது மகள், நிறையவே வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதைத்தான் அந்தப் பாடவேளை முழுக்கப் பேசினோம்.

காந்தி 1927இல் இலங்கைக்கு வந்தபோது மலையகத்துக்கும் வந்திருக்கிறார், அதையும் சொல்லலாம். ஆனால் மலையகத் தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மையைப் பாடப்புத்தகத்தில் தேடிப் பார்க்கிறேன், காணவில்லை. தொழிலாளர்களின் உரிமைக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடிய பெண் அவர். சிங்களப் பிள்ளைகளும் அவரைப் படிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். கட்டுரையாளர் அடுத்த பகுதியில் அவரைப் பற்றியும் எழுதுவாரா?