நோபல் டாக்டர் ரத்தம் ஏற்ற வேண்டாம் என்று சொன்னாரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "ஆஸ்பத்திரி ரத்தம் ஏற்றினால் கல்லீரல் போய்விடும், நோபல் வாங்கிய டாக்டரே சொல்லிவிட்டார், ரத்ததானத்துக்கும் போகாதீர்கள்." இது பொய். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களைப் பயமுறுத்தும் பொய்.

அந்த டாக்டர், 2020-இல் நோபல் பெற்ற அமெரிக்கர் ஹார்வி ஆல்ட்டர். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு ஹெபடைடிஸ் என்ற கல்லீரல் அழற்சி வந்தது என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அது 1960-களின் கதை. அப்போது அங்கே காசுக்கு விற்ற ரத்தமும் புழங்கியது. அதை நிறுத்தி, ஹெபடைடிஸ் பி சோதனையும் சேர்த்ததும் நோய் வெகுவாகக் குறைந்தது. மிச்சமிருந்தது ஹெபடைடிஸ் ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை. அந்த நோயாளிகளின் ரத்த மாதிரிகளை ஆல்ட்டர் பத்திரமாக உறைய வைத்திருந்தார். "கிருமியைக் கண்டுபிடித்துவிட்டோம்" என்று வந்தவர்களுக்கெல்லாம் எது நோயாளியுடையது, எது ஆரோக்கியமானவருடையது என்று சொல்லாமல் மாதிரிக் குழாய்களை அனுப்பினார். பலர் தோற்றார்கள். கடைசியில் ஆய்வாளர் மைக்கேல் ஹாட்டன் குழுவின் சோதனைதான் சரியாகப் பிரித்துக் காட்டியது. அதுதான் ஹெபடைடிஸ் சி.

இன்று மலேசியாவில் தானமாகப் பெறும் ரத்தம் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, சிபிலிஸ் சோதனைகளைத் தாண்டித்தான் நோயாளிக்குப் போகிறது. புதிதாகத் தொற்றிய தொடக்கத்தில் சோதனைக்குப் பிடிபடாத சின்ன இடைவெளி உண்டு. அதனால்தான் தானம் கொடுக்கும் முன் அத்தனை கேள்வி கேட்கிறார்கள். ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

அப்புறம், ரத்தம் கொடுப்பதால் கொடுப்பவருக்கு இந்த நோய்கள் தொற்ற வழியில்லை. ஊசி புதிது, ஒருவருக்கு மட்டும், பிறகு குப்பைக்கு.