உள்ளூர் வக்கீல் என்றால் அவ்வளவு இளக்காரமா?

நம் ஊர்ப் பையன்கள் மேல் போட்ட கேஸுக்கு எந்த வக்கீலைப் பிடிப்பது என்று ஞாயிற்றுக்கிழமை மீன் ஏலக்கூடத்தில் கூடிய ஊர்க்கூட்டத்தில் நடந்ததை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை, வீடியோ எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேஸ் சரியா தப்பா என்று எழுதப்போவதும் இல்லை, அதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். எனக்குத் தைத்தது நம் ராமநாதபுரத்து வக்கீல்களைப் பற்றி மைக்கைப் பிடித்த அண்ணன் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். "ராம்நாட்டு வக்கீலெல்லாம் வாய்தா வாங்கத்தான் லாயக்கு, குமாஸ்தாவை வச்சுப் பொழப்பு ஓட்டுற கூட்டம். மதுரையில பெரிய ஆளாப் பிடிப்போம், வீட்டுக்கு இவ்வளவுன்னு போடுங்க." உடனே கைதட்டல். குமாஸ்தா என்றதும் முன்வரிசையில் ரெண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்களே, அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

ஆமாம், என் அப்பா வக்கீல் குமாஸ்தாதான். அதனாலேயே சொல்கிறேன், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கிற கேஸுக்கு அந்தக் கோர்ட்டில் தினமும் நிற்கிற வக்கீலைப் பிடியுங்கள். உள்ளூர் ஆளைப் பிடியுங்கள். பாம்பன் தூக்குப்பாலத்தைத் தாண்டுகிற கப்பல்கூட வழி தெரிந்த உள்ளூர் ஆளை ஏற்றிக்கொண்டுதான் தாண்டுகிறது.

ஏன் என்று கேட்பவர்களுக்கு. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அது ராத்திரியாக இருக்கலாம், லீவு நாளாக இருக்கலாம், நீதிபதியின் வீடாகவே இருக்கலாம். அந்த நேரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து யார் வருவார்கள்? அப்புறம் ஜாமீன். கிடைத்துவிட்டது என்று இனிப்பு கொடுத்தால் போதாது, ஜாமீன்தாரர் ரெண்டு பேர் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும், ஆதார் வேண்டும், அவர்கள் கோர்ட்டில் வந்து நிற்கவும் வேண்டும். அதெல்லாம் முடிந்து உத்தரவு ஜெயில் அடைப்பதற்குள் போய்ச் சேராவிட்டால் அன்றைக்கு ராத்திரியும் உள்ளேதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உத்தரவு வந்தால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் சிரித்தீர்களே, அந்தக் குமாஸ்தாதான். வாலிநோக்கம் பக்கத்து அம்மா ஒருவர், மகன் உள்ளே இருக்கிறான், ஜாமீன் நிற்க வருகிறேன் என்ற சொந்தக்காரர் அன்றைக்குப் பார்த்துப் போனை அணைத்துவிட்டார். அப்பா யார் யாரிடமோ பேசி, யாரையோ பைக்கில் ஏற்றிக் கொண்டுவந்து, மத்தியானம் சாப்பிடாமல் நின்று பையனை வெளியே எடுத்தார். அந்த அம்மா ரொம்ப காலத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கருவாடு கொடுத்துவிட்டுப் போவார். சரி, இது மைக்கில் சொல்கிற மாதிரியான பெருமை இல்லைதான்.

இன்னொன்று. குற்றத்தைப் பொறுத்து 60 நாளிலோ 90 நாளிலோ போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால், உள்ளே இருப்பவர் ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை. ஆனால் தாக்கல் ஆவதற்கு முன்னால் மனுப் போட்டுவிட வேண்டும். முந்திக்கொண்டு அவர்கள் தாக்கல் செய்துவிட்டால் போச்சு. அந்த நாளை எண்ணிக்கொண்டு, காலையில் கோர்ட் ஆபீஸில் எட்டிப் பார்த்து "வந்துருச்சா" என்று கேட்க அங்கேயே ஒரு ஆள் வேண்டுமா வேண்டாமா?

எங்கள் பெரியம்மா மகனுக்கு ஒரு அடிதடி கேஸ். நகையை வைத்து வெளியூர்ப் பெரிய வக்கீலுக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் அவர் வந்தார், காரைப் பார்க்கவே கூட்டம். அதற்குப் பிறகு ஜூனியர், அப்புறம் ஜூனியருக்கு ஜூனியர். ஒரு வாய்தாவுக்கு அண்ணன் கடலில் இருந்தான். "இவர் இன்றைக்கு வர முடியவில்லை" என்று ஒரு மனுப் போட வேண்டும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவை வைத்து நம் வக்கீல்கள் இன்னும் 317 பெட்டிஷன் என்றுதான் சொல்வார்கள், புதுச் சட்டத்தில் அது 355-ஆவது பிரிவு. அந்த ஒற்றைத் தாளைப் போட ஆள் இல்லை. பிடிவாரண்ட் வந்துவிட்டது. கரை இறங்கிய அண்ணனுக்கு வாசலில் போலீஸ். கடைசியில் வாரண்டை ரத்து செய்து கொடுத்தது யார்? "வாய்தா வாங்கத்தான் லாயக்கு" என்ற அதே உள்ளூர்க் கூட்டம்தான்.

இப்போது வருவார்கள். "உள்ளூர் வக்கீல் எதிராளிக்கு விலை போயிருவாரு, ஊருக்குள்ள எல்லாரும் சொந்தம்தானே." ஓஹோ, அப்போ வெளியூர் வக்கீலுக்கு மட்டும் தனி ரத்தமா ஓடுகிறது? விலை போகிறவர் எந்த ஊரிலும் போவார். சந்தேகம் வந்தால் அவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வேறு வக்கீலுக்கு வக்காலத்துக் கொடுங்கள், அது உங்கள் உரிமை.

"கொலைக் கேஸுன்னா என்ன பண்ணுவ?" இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. கொலை மாதிரிப் பெரிய கேஸ்கள் நடக்கிற செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை நடத்தின அனுபவம் உள்ளவரைத்தான் தேட வேண்டும், அப்படிப்பட்டவர்கள் ராமநாதபுரத்திலும் இருக்கிறார்கள். மாவட்டக் கோர்ட்டில் ஜாமீன் கிடைக்காமல் ஹைகோர்ட் போக வேண்டும் என்றால் மதுரை வக்கீல்தான் வேண்டும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்ததால்தான் நாம் சென்னைக்கு ஓடாமல் தப்பித்தோம். ஆனால் அந்த மனுவுக்குத் தேவையான நகல்களை இங்கிருந்து வாங்கி அனுப்புகிறவரும் உள்ளூர் ஆள்தான். நான் மதுரைக்காரர்களுக்கு எதிரி இல்லை, இங்கே நிற்க வேண்டிய இடத்தில் இங்கே நிற்கிறவரை வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"நல்ல வக்கீல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, நெட்ல தேடலாமா?" என்று ஒரு தம்பி கேட்டான். வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வக்கீல்களுக்கு ஸ்டார் போட்டு விற்கிற இணையதளங்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டே உத்தரவு போட்டது. அதனால் ஸ்டாரை எண்ணாதே தம்பி. ஒரு நாள் வலையை ஓரமாக வைத்துவிட்டு, காலையில் கோர்ட் ஹாலில் பின்பெஞ்சில் போய் உட்கார். போக்சோ, பாலியல் வழக்கு மாதிரி சிலதைத் தவிர, விசாரணை திறந்த கோர்ட்டில்தான் நடக்கும், யாரும் உன்னை விரட்ட மாட்டார்கள். யார் கேஸ் கட்டைப் படித்துவிட்டு வந்திருக்கிறார், யார் சாட்சியிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்கிறார், யார் சும்மா "அய்யா, ஒரு வாய்தா" என்கிறார் என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். ஜெயித்தால் இவ்வளவு கொடு என்று பேசுகிறவர் பக்கமே போகாதே, அப்படிப் பேசுவதும் விதிப்படி தப்பு. காசே இல்லை என்றால் மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்குப் போன் போடலாம். பெண்கள், எஸ்சி எஸ்டி மக்கள், காவலில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். இலவசம் என்றால் உதவாது என்பவர்களிடம் எனக்குப் பேச நேரமில்லை.

வக்கீலைப் பிடித்துவிட்டு நாம் தூங்குகிறோமே, அது இன்னொரு கொடுமை. என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களிடம் அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டால் "வக்கீலுக்குத் தெரியும்" என்கிறார்கள். இ-கோர்ட்ஸ் ஆப் போனிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கேஸுக்கும் தனியாகக் கொடுக்கிற 16 எழுத்து சிஎன்ஆர் நம்பரைப் போட்டால் அடுத்த தேதி, எதற்கான தேதி எல்லாம் வரும். அந்த நம்பர் தெரியாவிட்டால் பெயரை வைத்தோ எஃப்ஐஆர் நம்பரை வைத்தோ தேடலாம். புகார் கொடுத்தவருக்கு எஃப்ஐஆர் நகல் இலவசம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதுச் சட்டம் சொல்கிறது. கேட்கிறோமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் நம் ஆட்கள் பிடிபட்டால் மன்னார் கோர்ட்டில் என்றைக்கு வாய்தா, ஊர்காவற்றுறை கோர்ட்டில் என்றைக்கு வாய்தா என்று இந்தக் கரையில் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். அங்கே உள்ளூர்த் தமிழ் வக்கீல் நிற்கிறார் என்றால்தான் நமக்கு உயிர் வருகிறது. அங்கே மட்டும் உள்ளூர் வக்கீல் வேண்டும், ராமநாதபுரத்தில் வேண்டாமா? அதிலும் சோம்பேறித்தனம் இல்லாமல் இல்லை. தங்கச்சிமடத்து மீனவர்கள் ஐந்து பேர் 2011 நவம்பரில் பிடிபட்டார்கள், 2014 அக்டோபர் 30-இல் கொழும்பு ஹைகோர்ட் தூக்குத் தண்டனை கொடுத்தது, அடுத்த மாதமே மன்னிப்பில் வீடு வந்தார்கள். தீர்ப்பு வந்த அன்றைக்கு ஊரே ரோட்டில் நின்றது. அதற்கு முந்தைய மூன்று வருட வாய்தாக்களை அந்தக் குடும்பங்களைத் தவிர நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்?

நமக்குக் கைது வேண்டும், போட்டோ வேண்டும். கேஸ் என்ன ஆனது என்பது வேண்டாம். "உனக்கு வக்கீலுங்க கமிஷன் தர்றாங்களா?" என்றுகூட ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் கேட்டுவிட்டார், பரவாயில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிடிக்கத் தடை உள்ள கடல் அட்டையை வைத்திருந்தான் என்று ஒரு பையனைப் பிடித்தார்கள். சட்டையில்லாமல் உட்கார வைத்து எடுத்த போட்டோவை ஊர்க் குரூப்பில் போட்டு, கடத்தல்காரன் என்று பட்டம் கட்டினோம். ராமநாதபுரத்து வக்கீல் ஒருவர் வருடக்கணக்காக நின்று, சாட்சி ஒவ்வொன்றாகக் கேட்டு, விடுதலை வாங்கிக் கொடுத்தார். அந்தச் செய்தியை அதே குரூப்பில் நான் போட்டேன். ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் இன்னும் அந்தப் போட்டோவைத்தான் எடுத்து நீட்டுகிறார்களாம். தீர்ப்பு நகலைக் கடைக்குக் கொண்டுவந்து, "அக்கா, இதை நனையாத மாதிரி பண்ணிக் குடுங்க, பையிலயே வச்சுக்கணும்" என்றான். லேமினேட் செய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அதை என் கமிஷன் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.