பச்சை டிக்கை நம்பி எடைச் சீட்டைத் தொலைத்தோம்

எடைச் சீட்டு போட்டோவைக் கிளவுடில், அதாவது இன்டர்நெட் சேமிப்பில், ஏற்றியாகிவிட்டது, இனி எங்கே போய்விடப்போகிறது என்று தைரியமாக இருந்தோம். போன வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாளோடு அந்தத் தைரியம் போய்விட்டது. காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கம் மா மண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

வே பிரிட்ஜில், அதாவது லோடு வண்டியை எடை போடுகிற இடத்தில், கொடுக்கிற சீட்டு, சூடு பட்டு எழுத்து விழுகிற பேப்பர். வெயிலில் டேஷ்போர்டில் கிடந்தாலோ, வேர்வைச் சட்டைப் பையில் இருந்தாலோ எழுத்து மங்கிப் போய்விடும். அதனால் சீட்டு கைக்கு வந்ததும் தம்பி போனில் போட்டோ எடுப்பான். அது தானாகவே மண்டி கம்ப்யூட்டரிலும் வந்து நிற்கும். பக்கத்தில் பச்சை டிக் விழும். அதைப் பார்த்தால் எனக்கு ஒரு நிம்மதி.

ஜூன் கடைசியில் பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த சமயம், போனில் இடமில்லை என்று வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று தம்பி அந்த ஃபோல்டரையே போனில் அழித்துவிட்டான். அவன்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான் சிங்க் செய்கிற வேலை. அந்த டிக்குக்கும் அவ்வளவுதான் அர்த்தம். நாங்கள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியதற்குச் சமமாக நினைத்துக்கொண்டோம்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள், கணக்கு முடிக்கப் பெரியவர் ஒருவர் வந்தார். நான்கு லோடு போட்டவர். மடித்து வைத்திருந்த சீட்டுகளை மேஜைமேல் பிரித்து வைத்தார். நான்கும் வெறும் வெள்ளைத் தாள். “உங்ககிட்டதான் போட்டோ இருக்குமே தம்பி” என்றார். கம்ப்யூட்டரைத் திறந்தால் ஃபோல்டரே இல்லை. குப்பைத்தொட்டியிலும் இல்லை, 30 நாள் தாண்டிவிட்டது.

இந்த 30 நாள் கணக்குதான் எனக்கு ஆறவே இல்லை. கூகுள் டிரைவ், ஒன்டிரைவின் தனிநபர் கணக்கு, டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கு, எல்லாவற்றிலும் அழித்த ஃபைல் 30 நாள்தான் குப்பையில் இருக்கும். ஆபீசில் தினமும் ஃபைலைத் திறந்து பார்ப்பவர்களுக்கு அது போதும். இங்கே மே, ஜூனில் காய் இறங்கும், மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து பணம் வந்து விவசாயிக்குக் கணக்கு முடிக்க ஆடி ஆகும். இடையில் அந்தப் போட்டோவை யார் திறந்து பார்க்கிறார்கள்?

இன்னொன்று, இலவசம் என்று பழக்கிவிட்டு அப்புறம் கையைச் சுருக்கிக்கொள்வது. ஒன்டிரைவ் இலவச இடத்தை 15 ஜிபியிலிருந்து 5 ஜிபியாகக் குறைத்தது 2016-ல். கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் ஏற்றிக்கொள்ளலாம் என்றிருந்தது 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றது. அவர்களுக்கும் செலவு இருக்கிறது, சரி. ஆனால் இடம் நிறைந்துவிட்டது, காசு கட்டு என்று தினமும் நினைவுபடுத்தத் தெரிகிறதல்லவா? ஒரு சீசன் போட்டோவை மொத்தமாக அழிக்கும்போது, “இது கம்ப்யூட்டரிலும் போய்விடும்” என்று பெரிய எழுத்தில், தமிழில், ஒரு தடவை நிறுத்திக் கேட்கலாமே. நாங்கள் வைத்திருந்த சேவையில் அப்படி எதுவும் வரவில்லை.

கடைசியில் வே பிரிட்ஜுக்கே போனோம். வண்டி நம்பரை வைத்துத் தேடியதில் மூன்று லோடு கிடைத்தது. நான்காவதுக்கு வந்தது வேறு வண்டி, நம்பர் யாருக்கும் ஞாபகமில்லை. பெரியவர் சொன்ன எடையையே எழுதிப் பணம் கொடுத்தோம். அவர் பொய் சொல்கிற ஆளில்லை. ஆனாலும் தன் சொந்தக் காய்க்கு எங்கள் முன்னால் சத்தியம் செய்கிற மாதிரி அவர் நிற்கவேண்டி வந்ததே, அதை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது.

இந்த சீசனில் சீட்டு வந்ததும் முதலில் பேனாவால் நோட்டில் ஏறுகிறது, வண்டி நம்பரோடு. போட்டோ அதற்கப்புறம்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எல்லாவற்றையும் தனி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்துக் கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறேன். கிளவுடும் இருக்கிறது, விடவில்லை. உங்கள் மண்டியில் சீட்டு போட்டோ போனில் மட்டும்தான் ஏறுகிறது என்றால், இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள்.