உண்ணிச்செடி கஷாயம் குடிக்கச் சொல்லி ஷேர் பண்றவங்களுக்கு

வாட்ஸ்அப் குரூப்ல மறுபடியும் அந்த வீடியோ சுத்துது. ரோட்டோரம் பூத்து நிக்கிற உண்ணிச்செடியைக் காட்டி, சித்தர்கள் சொன்ன மூலிகை, இலையைக் கொதிக்க வச்சு தினமும் வெறும் வயித்துல குடிங்க, சுகர் போயிடும்னு ஒருத்தர் பேசுறார். தயவுசெஞ்சு அதை யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

இந்தச் செடி அமெரிக்கக் கண்டத்துச் செடிங்க, வெள்ளைக்காரன் 1800கள் தொடக்கத்துல அழகுக்காக கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்து வச்சது. அதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடி இருந்த சித்தர்கள் இதைப் பத்தி எப்படிப் பாடியிருப்பாங்க?

மலை ஜனங்க இதை மருந்தாவே தொடலைன்னு நான் சொல்லல. வெட்டுக்காயத்துக்கு இலையைக் கசக்கி வச்சுக் கட்டுவாங்க, உடம்பு வலிக்கு இலை போட்டுக் காய்ச்சின தண்ணியை ஊத்துவாங்க, கொசுவுக்குப் புகை போடுவாங்க, சில இடத்துல காய்ச்சலுக்குக் கஷாயம் குடிக்கிற வழக்கமும் உண்டு. அது எல்லாம் அளவு தெரிஞ்ச ஒருத்தர் கையால நடக்கிறது. அந்த அளவை விட்டுட்டு இலையை மட்டும் எடுத்துக்கிறதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஏன்னா இலையில லான்டடீன்னு ஒரு விஷம் இருக்கு, நேரா ஈரலைத்தான் பிடிக்கும்.

சந்தேகமா இருந்தா மாட்டு டாக்டர் யாரையாவது கேளுங்க. கோடையில புல்லு காஞ்சதும் பசிக்கு இதை மேஞ்ச ஒரு பசுவை எங்க பக்கத்துல பார்த்தேன். அசை போடல, கண்ணு மஞ்சளாயிடுச்சு, வெயில்ல நின்னதும் மூக்கைச் சுத்தித் தோல் வெந்து உரிஞ்சு தொங்குது, காது ஓரம் எல்லாம் வெடிப்பு. ஈரல் கெட்டா பச்சையத்தோட கழிவு வெளிய போகாம தோல்ல தங்கிடும், வெயில் பட்டா அது எரிக்கும். அவ்வளவு பெரிய உடம்புக்கே அந்தக் கதி.

அதோட மருந்துச் செடின்னு சொல்லி வேலியோரம் வளர்க்கவும் ஆரம்பிச்சிடறாங்க. இந்தியாவுல புலி வாழுற காட்டுல 40 சதவீதத்துக்கு மேல இது பரவிடுச்சுன்னு 2020ல வந்த ஆய்வு சொல்லுது. முதுமலைப் பக்கம் போனா தெரியும், இது அடர்ந்த இடத்துல புல்லு கிடையாது, மான் எதை மேயும்? வெறுமனே வெட்டிவிட்டா இன்னும் நல்லாத் தழைக்கும். ஆணிவேரை மண்ணுக்குக் கீழே சில சென்டிமீட்டர் விட்டு அறுத்து, தூரைத் தலைகீழாக் கவுத்துப் போடணும், பழம் விழறதுக்கு முன்னாடி.

நீலகிரி கூடலூர்ல பெட்ட குறும்பர், பணியர், காட்டுநாயக்கர்னு பழங்குடி ஜனங்க எல்லாம் இந்தத் தண்டைக் கொதிக்க வச்சு, பட்டை உரிச்சு, இரும்புச் சட்டத்து மேல வளைச்சு ஆளுயரத்துக்கும் மேல யானைச் சிலை செய்யுறாங்க, அந்த யானைங்க 2021ல லண்டன் பார்க்குல நின்னுச்சு. உண்ணிச்செடியால நமக்கு ஒரு நன்மைன்னா எனக்கு இதுதான் தெரியும், கூலியும் கிடைக்குது, காடும் சுத்தமாகுது. அந்த வீடியோவுக்குப் பதிலா இதை ஷேர் பண்ணுங்க.

இன்னொன்னு, குழந்தைங்க பச்சைக் காயைத் தின்னுட்டா கை வைத்தியம் பார்த்துட்டு உக்காராதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, போகும்போது ஒரு கிளையையும் ஒடிச்சுட்டுப் போங்க, டாக்டருக்குக் காட்ட.