டபுள் டிராகனில் வெட்டப்பட்ட இரண்டாவது ஆள்

கடையில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் வீடியோ கேம்தான் அசல், டிவியில் மாட்டி ஆடும் வீட்டுப் பெட்டிக்கு வந்ததெல்லாம் மட்டமான நகல் என்று இளையவர்கள் பேசுவதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் இப்போது ஆயிரக்கணக்கான பழைய கேம்களை அடைத்த கையடக்கப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. ஆர்கேட் வடிவத்தையும் வீட்டு வடிவத்தையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். பார்த்ததும் தீர்ப்பு வந்துவிடுகிறது. நிறம் கம்மி, ஆள் சின்னது, பின்னணி மொட்டை.

என் அளவுகோல் வேறு. பெரிய கேமைச் சின்ன இயந்திரத்துக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். எதை வெட்டினார்கள், எதைக் காப்பாற்றினார்கள் என்று பாருங்கள். வேலையைச் செய்தவருக்கு அந்தக் கேம் பிடிபட்டதா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

நாங்கள் மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், தோட்டத்துப் பிள்ளைகள். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊர்தான். டவுன் கடைவரிசையில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, நாலைந்து ஆர்கேட் பெட்டிகள் வைத்திருந்தார். ஓர் ஆட்டத்துக்கு 20 சென். பால்மரம் சீவுகிற வீட்டில் அது யோசித்துச் செலவழிக்கிற காசு. அதனால் டவுனில் நாங்கள் பெரும்பாலும் அடுத்தவர் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்தவர்கள்தான். கை நிறைய விளையாடியது லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), மைக்ரோ ஜீனியஸ் பெட்டியில். நிண்டெண்டோவின் பேமிகாம் கேசட்டுகள் ஓடும்படி தைவானில் செய்த பெட்டி அது. லயத்தில் ஒரு வீட்டில் இருந்தால் போதும், மொத்தப் பிள்ளைகளும் அந்த வீட்டு ஐந்தடித் திண்ணையில்தான் கிடப்போம். எங்களைப் பொறுத்தவரை விளையாட்டு என்பது அந்த வடிவம்தான். அதைப் போலி என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று படத்தான் செய்யும்.

பேமிகாம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்தது. அதன் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். திரையில் நகரும் உருவங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் அது வரையும். மொத்தம் 64 துண்டுகள். ஒரே கிடைக்கோட்டில் 8 துண்டுக்கு மேல் வரையாது. ஒன்பதாவது துண்டு வந்தால் அது தெரியாது. அதனால் நிரல் எழுதுகிறவர்கள் ஒரு கணம் இதைக் காட்டி, மறுகணம் அதைக் காட்டிச் சமாளித்தார்கள். எதிரிகள் வரிசையாக வந்து நின்றால் எல்லா உருவமும் மினுக்மினுக்கென்று அடித்ததற்குக் காரணம் இதுதான். இந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்று அவர்கள் செய்ததைத்தான் நாம் எடை போட வேண்டும்.

டாங்கி காங் ஆர்கேடில் 1981-இல் வந்தது. அதன் திரை நெட்டுக்குத்தானது. வீட்டு டிவியோ படுக்கைவாட்டில் இருப்பது. பேமிகாமுக்குக் கொண்டுவந்தபோது நான்கு கட்டங்களில் ஒன்று, கன்வேயர் பட்டையில் தட்டுகள் ஓடிவரும் கட்டம், விடுபட்டுப் போனது. ஆனால் பீப்பாய் உருண்டு வரும்போது எந்த நொடியில் தாவ வேண்டும் என்கிற அந்தத் துடிப்பு அப்படியே இருந்தது. எனக்கு அது போதும்.

அதற்கும் முன்னால் அடாரி 2600 என்ற வீட்டுப் பெட்டியில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. அதன் நினைவகம் 128 பைட்தான், கிலோபைட்கூட இல்லை. 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆர்கேடில் 55 எதிரிகள். 1980-இல் வந்த அடாரி வடிவத்தில் 36. எண்ணிக்கை குறைந்தாலும், எதிரிகள் செத்துக் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுக்கும் அந்தப் பதைபதைப்பை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கேம் பிய்த்துக்கொண்டு விற்றது. 1982-இல் அதே பெட்டிக்கு வந்த பேக்மேனில் பேய்கள் மினுங்கின, பாதைகளின் அமைப்பு மாறிப்போனது, சத்தமும் வேறு. அதுவும் லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் வாங்கியவர்களுக்கு வந்த ஏமாற்றம் இன்றைக்கும் பேசப்படுகிறது.

காசு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆர்கேட் கேமின் கடினம் காசுக்காகச் செய்த கடினம். கொஞ்ச நேரத்தில் ஆளைக் கொன்றால்தான் அடுத்த காசு விழும். அதே கடினத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தால் அர்த்தமே இல்லை, ஏனென்றால் கேசட்டுக்கு முன்பே பணம் கொடுத்தாயிற்று. கொனாமியின் கிரேடியஸ் 1985-இல் ஆர்கேடில் வந்தது, 1986-இல் பேமிகாமுக்கு வந்தது. அந்த வீட்டு வடிவத்தைச் செய்த கசுஹிசா ஹஷிமோடோவுக்கே சோதனையின்போது அதை முடிக்க முடியாத அளவுக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. தன் வசதிக்கு ஒரு ரகசியக் குறியீடு வைத்தார். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ. அது கேசட்டிலேயே தங்கிவிட்டது. பிறகு காண்ட்ராவிலும் வந்து 30 உயிர் கொடுத்தது. பெருக்கல் வாய்ப்பாட்டில் தடுமாறுகிற பிள்ளைகூட எங்கள் லயத்தில் இந்த வரிசையைத் தூக்கத்தில் சொல்லும். அது ஆர்கேடின் சொத்து கிடையாது. வீட்டு வடிவத்திலேயே பிறந்தது.

இப்போது டபுள் டிராகன். 1987-இல் ஆர்கேடில் வந்த இந்தக் கேமின் உயிர்நாடியே அண்ணன் தம்பி இருவர், பில்லியும் ஜிம்மியும், சேர்ந்து நின்று ரௌடிகளை அடிப்பதுதான். தவுக்கே கடையில் இரண்டு பேர் தோளோடு தோள் உரசி நின்று விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறோம். 1988-இல் வீட்டு வடிவம் வந்தது. கேசட் கைக்குக் கிடைத்து, நானும் என் தம்பியும் ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து உட்கார்ந்தால், ஒருவர் செத்த பிறகுதான் அடுத்தவருக்கு முறை! கூட நிற்க வேண்டிய ஜிம்மியைக் கடைசி வில்லனாகவே ஆக்கிவிட்டார்கள். இரண்டு பேர் சேர்ந்து இயக்க ஒரு தனிச் சண்டை முறை வைத்திருந்தார்கள், ஆனால் அதில் ஒருவரை ஒருவர் அடிக்க வேண்டும்.

இயந்திரத்தால் முடியவில்லை என்று சமாதானம் சொல்வார்கள். திரையில் எதிரிகளே இரண்டு பேருக்கு மேல் வராத வடிவம் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த பாகம் 1989-இல் அதே பேமிகாமுக்கு வந்தபோது இருவரும் சேர்ந்தே சண்டை போட்டார்கள். ஆக, முடியாத காரியமாக இருந்திருக்காது. முதல் பாகத்தில் எதிரிகளை அடிக்க அடிக்க அனுபவம் கூடிப் புதுப்புது அடிகள் கைவரும்படி ஒரு நல்ல ஏற்பாட்டைச் சேர்த்திருந்தார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் அது. படம் போகட்டும், பாட்டு போகட்டும், கூட நிற்பவனை எடுக்கக் கூடாது.

அதனால்தான் காண்ட்ராவை நான் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன். ஆர்கேட் காண்ட்ரா 1987, திரை நெட்டுக்குத்தானது. 1988-இல் வீட்டுக்கு வந்தபோது படம் எளிமையாகிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து ஓடுவதை மட்டும் விடவே இல்லை. அகலமான திரைக்கு ஏற்ப இடங்களைத் திரும்ப வரைந்தார்கள். ஆர்கேடில் கடைசியில் ஒரே ஓட்டமாக வந்த பகுதிகளைப் பிரித்துத் தனித்தனிக் கட்டங்களாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பெரிய எதிரியை நிறுத்தினார்கள். மொத்தம் எட்டுக் கட்டம். பெரிய நாடகக் குழு தோட்டத்துக் கோயில் மேடைக்கு வந்து, அந்த மேடைக்கென்றே காட்சிகளைத் திருத்தி ஆடிக் காட்டினால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு வேலை அது. இரண்டையும் விளையாடிவிட்டுச் சொல்கிறேன், வீட்டுக் காண்ட்ராதான் மேல்.

டபுள் டிராகனில் நடந்தது ஃபைனல் ஃபைட்டிலும் நடந்தது. 1989 ஆர்கேடில் மூன்று வீரர்கள், இருவர் சேர்ந்து ஆடலாம். 1990-இல், பேமிகாமுக்கு அடுத்த பெட்டியான சூப்பர் பேமிகாமுக்கு வந்தபோது கை (Guy) என்ற வீரன் இல்லை, ஒரு கட்டமே இல்லை, இரண்டாவது ஆளும் இல்லை. பிறகு 1992-இல் அந்தக் கை என்பவனைச் சேர்த்து இன்னொரு வடிவம் விட்டார்கள், கோடி (Cody) என்ற வீரனை எடுத்துவிட்டு. அப்போதும் ஒற்றை ஆள்தான்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு அதிர்ஷ்டம் இருந்தது. ஆர்கேடில் ஆறு பட்டன். சூப்பர் பேமிகாமின் கைப்பிடியிலும், மேலே நாலு, தோளில் இரண்டு என்று ஆறு பட்டன். சேகாவின் மெகா டிரைவ் பெட்டியின் கைப்பிடியில் மூன்றுதான். உதைக்கும் குத்துக்கும் இடையில் ஸ்டார்ட் பட்டனை அமுக்கி மாற்ற வேண்டும். ஆறு பட்டன் கைப்பிடி 1993-இல் தனியாக வர வேண்டியிருந்தது. கேமின் பாதி அதைப் பிடிக்கும் கையில் இருக்கிறது என்பதை ஒப்பிடுகிறவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பிளேஸ்டேஷன் காலத்திலும் கதை முடியவில்லை. எக்ஸ்மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் சண்டை நடுவே ஆளை மாற்றுவதுதான் விஷயமே. சேகாவின் சாட்டர்ன் பெட்டிக்கு 4 மெகாபைட் கூடுதல் நினைவக அட்டையோடு கொடுத்து அதைக் காப்பாற்றினார்கள். பிளேஸ்டேஷனில் நினைவகம் பற்றாமல் அதுவே போனது. டெக்கன் 3-இல் நேர்மாறு: பின்னணியைத் தட்டைப் படமாக்கிவிட்டு, சண்டையின் வேகத்தைக் காப்பாற்றி, ஆர்கேடில் இல்லாத ஆட்டங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்படி வெட்டத் தெரிந்தவர்களை நான் கும்பிடுகிறேன்.

கொனாமி 2019-இல் வெளியிட்ட காண்ட்ரா ஆண்டுவிழாத் தொகுப்பில் ஆர்கேட் வடிவமும் வீட்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பழைய கேம்களைத் திரும்ப விற்கிற எல்லா நிறுவனமும் இப்படித்தான் செய்ய வேண்டும். குறையுள்ள வடிவங்களையும் சேர்த்தே சொல்கிறேன், டபுள் டிராகன் உட்பட. எங்களைப் போல எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் விளையாடியது அவற்றைத்தான்.

நம்ம பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் காலியானபோது பலர் இந்தக் கேசட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். உங்கள் வீட்டு மேல் அலமாரியில் மிச்சம் ஏதாவது கிடந்தால் எனக்கு உள்பெட்டியில் ஒரு செய்தி அனுப்புங்கள். ஓடாத கேசட்டாக இருந்தாலும் பரவாயில்லை, கோலசிலாங்கூர் வட்டாரம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.