ஓசிக் கூட்டம் என்று சொல்லாதீர்கள்

முந்தாநாளிலிருந்து பத்துப் பேராவது அந்தக் காணொளியை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். "இந்தியாவில் மொபைல் கேம் டவுன்லோடுதான் நடக்கும், காசு வராது, ஓசிக் கூட்டம்" என்று மேடையில் ஒருவர் சொல்ல, அரங்கமே கைதட்டுகிறது. ஒன்பது வருடமாக அந்தக் கூட்டத்துக்குத்தான் கேம் செய்கிறேன். அந்தச் சொல் என்னைத் தூங்க விடவில்லை.

யாரும் ஓசியில் விளையாடவில்லை. ஆட்டம் முடிந்ததும் முப்பது நொடி விளம்பரம் பார்க்கிறார்களே, அதுதான் அவர்கள் கொடுக்கும் விலை. இன்னொரு உயிர் வேண்டுமா, இன்னொரு விளம்பரம். அப்படி ஆயிரம் முறை பார்த்தால் அமெரிக்காவில் கிடைப்பதில் சிறு பங்குதான் இங்கே எங்கள் கைக்கு வருகிறது. பார்ப்பவரின் வாங்கும் சக்தியை வைத்து விளம்பரதாரர் போடும் கணக்கு அது. தீபாவளிக்கு முன்னால் அந்த விலை ஏறும், ஜனவரியில் விழும். ஆளும் அதே ஆள், நொடியும் அதே முப்பது நொடி. இதில் விளையாடுகிறவரின் கஞ்சத்தனம் எங்கே வந்தது?

"ஒரு வாரத்தில் அழித்துவிடுகிறார்களே" என்பீர்கள். என் அத்தை சாத்தூரில் இருக்கிறார். மஸ்கட்டில் இருக்கும் மகளோடு தினமும் ராத்திரி லூடோ ஆடுவார். நான் செய்த கேமையும் ஆசையாகப் போட்டுக்கொண்டார். போனில் இருப்பதே 32 ஜிபி. ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "போனு நெறஞ்சிருச்சு ராசா. பேத்தி வீடியோவ அழிக்க மனசு வரல, உன் கேமத்தான் எடுத்துட்டேன்." அவருக்குத்தான் சங்கடம், எனக்குக் கோபமே வரவில்லை. அலுவலக அறிக்கையில் இது 'ரிட்டென்ஷன் சரிவு', அதாவது திரும்பி வந்து ஆடுகிறவர்கள் குறைந்தார்கள் என்று ஒரு கோடாக விழும். அதன் பிறகு நாலு மாதம் உட்கார்ந்து 90 எம்பி கேமை 38 எம்பிக்குக் குறைத்தோம். கேமைப் போட்ட ஏழாம் நாளும் திரும்பி வருகிறவர்கள் கூடினார்கள். ஆட்களைக் குறை சொல்லும் முன் அவர்கள் போனைப் பாருங்கள்.

லூடோ கிங் என்ற மொபைல் கேம் 2016-ல் வந்தது. ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் அதே வருடம்தான். அந்த கேம் சாதாரண போனில் ஓடும், இணையம் இல்லாமலும் ஆடலாம், ஒரே போனைச் சுற்றி நாலு பேர் உட்காரலாம். 2020 ஊரடங்கில் அது வீடு வீடாகப் போனதற்கு இதெல்லாம்தான் காரணம். அன்றைக்கு இதே கூட்டத்தைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள்.

சரி, வருமானம் குறைவுதான். எங்களுக்கும் சம்பளம் தள்ளிப்போன மாதங்கள் உண்டு. அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் காணொளிக்குக் கீழே "எல்லாம் சூதாட்டம்தானே, தடை போட்டாச்சே" என்று எழுதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் தடுப்பது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. 2023 அக்டோபரில் 28% ஜிஎஸ்டி போட்டதும் அவற்றின் மீதுதான். நாங்கள் யாரிடமும் பத்து ரூபாய் பந்தயம் வாங்கியதில்லை. பழத்தை வரிசையாக அடுக்கும் கேமுக்கும் ரம்மிக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை பேர் எழுதுகிறீர்கள்?

போன வருடம் ஒரு கல்யாணத்தில், பந்தியில் வைத்து, ஒரு பெரியவர் அப்பாவிடம் கேட்டார்: "உங்க பையன் ரம்மி கம்பெனியிலயா இருக்கான்?" அப்பா பதில் சொல்லாமல் இலையை மூடிவிட்டு எழுந்தார். அதற்கப்புறம் யார் கேட்டாலும் அவர் "கம்ப்யூட்டர் வேலை" என்று மட்டும்தான் சொல்கிறார்.